டாக்டர் அறை வாசல் வரை

எங்கள் பைக் ரேஸ் மைதானத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பிரேக் பாஸ்டர் என்றால்தான் தெரியும். "வண்டிக்கு முன்னால ஒரு பிரேக், பின்னால ஒரு பிரேக். மூணாவது பிரேக் இவரு. இவர் ஜெபம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நமக்கே வேகம் குறைஞ்சிடும்" என்று ஒரு மெக்கானிக் வைத்த பெயர் அது. அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. "பிரேக் இல்லாத வண்டிய ஒரு சுத்து ஓட்டிக் காட்டு, நான் பேரை மாத்திக்கிறேன்" என்பார்.

நான் அங்கே நேரம் குறிக்கிறவன். முடிவுக்கோட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனையாவது சுற்றை எவ்வளவு நேரத்தில் முடித்தது என்று பதிவு செய்வது என் வேலை. பதினாறு வருடம் அந்தக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்திருக்கிறேன். நான் பார்க்காததை அவரே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் அவர் தங்கை சொன்னது.

ஆரம்பத்தில் அவர் பாஸ்டர் இல்லை. வார நாட்களில் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளர் வேலை. ரேஸ் நாட்களில் மைதானத்து ஆம்புலன்ஸோடு வருவார். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடிக்கிற ஆள். ஒரு தடவை, விழுந்து அடிபட்ட ரைடர் ஒருவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா வந்துட்டாரா, எங்கப்பா வந்துட்டாரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பாவின் போன் நம்பர் யாரிடமும் இல்லை. அவன் இறந்துபோன சேதி அந்த அப்பாவுக்கு டீக்கடையில் யாரோ சொல்லித் தெரிந்ததாம்.

மறுநாளே அவர் சட்டைப்பையில் வைக்கிற அளவுக்கு ஒரு நோட்டு வாங்கினார். பிறகு தன் சபைக்குப் போய், ரேஸ்காரர்கள் மத்தியில் ஊழியம் செய்ய அனுப்புங்கள் என்று கேட்டார். சபை மூப்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. "வேகப் பைத்தியங்களுக்கு எதுக்குய்யா ஊழியம்? ஞாயித்துக்கிழமை கோயில் பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்க."

"ஞாயித்துக்கிழமைதானே அவங்களுக்கு ரேஸ்? அவங்களால வர முடியாது. நான் போகலாம்ல?" என்றார் இவர்.

இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்து, சபையார் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்ப, பாஸ்டராக வந்தார். முதுகில் சிலுவை அச்சிட்ட ஆரஞ்சு கோட்டு ஒன்று மாட்டிக்கொண்டு, காலை ஏழு மணிக்கு, வண்டிகளைப் பரிசோதிக்கும் கொட்டகையில் ஆராதனை வைப்பார். உட்கார பழைய டயர்கள். ஒரு பாட்டு, சின்ன வாசிப்பு, ஒரு ஜெபம். மொத்தம் கால் மணி நேரம். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். பக்கத்தில் யாராவது இன்ஜினைச் சூடு பண்ணுவார்கள். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். "ஆமென் சொல்ற நேரம் பாத்துத்தான் ஒருத்தன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். பரலோகத்துல என் ஆமென் ஒண்ணுகூட கேட்டிருக்காது" என்று சிரிப்பார்.

வேதத்தை நம்பாதவர்களும் வருவார்கள், டீக்காகவாவது. யாரிடமும் திணிக்க மாட்டார். ரேஸ் கிளம்பும் முன், வண்டிகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவார்: "தம்பி, ஜெபம் பண்ணட்டுமா, வேணாமா?" வேண்டாம் என்றால், "சரி, குடையாவது பிடிக்கிறேன்" என்பார். பெரிய டீம் ரைடர்களுக்கு வெயிலில் குடை பிடிக்க ஆள் இருக்கும். தனியாக வந்து, தானே டயர் மாற்றி, தானே ஓட்டுகிறவர்களுக்கு இவர்தான் குடை.

அந்த நோட்டில் ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு பக்கம். ரத்த வகை, மருந்து ஒவ்வாமை. அதற்குக் கீழே, 'முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்'. அந்தக் கேள்வியை அவர் தனியாகக் கூட்டிப்போய்த்தான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்போதுதான் பாதிப் பேர் தங்கள் வாழ்க்கையையே சொல்வார்கள். ஒருவன், "அம்மாகிட்ட நேரா சொல்லாதீங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லுங்க" என்பான். இன்னொருவன், "மனைவிக்கு நான் ரேஸ் ஓட்டுறதே தெரியாது" என்பான்.

பதினாறு வருடத்தில் ஒன்பது வீடுகளின் கதவை அவர் தட்டியிருக்கிறார். போனில் சொல்லக் கூடாது, நின்றுகொண்டு சொல்லக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது என்பார். "'தவறிட்டாரு', 'நம்மள விட்டுப் போயிட்டாரு'ன்னா, 'எங்க போயிட்டாரு'ன்னு கேப்பாங்க. நம்ப முடியாத சேதி வரும்போது மனசு ஓட்டை தேடும். 'இறந்துட்டாரு'ன்னு அந்த வார்த்தைய சொல்லிடணும். அப்புறம் வாய மூடிட்டு அவங்களோட இருக்கணும்."

அவருக்கு ஒரே தங்கை. பத்து வயது இளையவள். அப்பா சீக்கிரம் இறந்துபோனதால் இவர்தான் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். அவளுக்கு நாற்பது தாண்டியும் 'பாப்பா' என்றே கூப்பிடுவார். அவள் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மத்தியானம்வரை தூங்குவார். "அண்ணா, இவரை எங்கேயாவது இழுத்துட்டுப் போ. வீட்டுல இருந்தா கட்டிலுக்கே வேர் விட்டுடும்" என்று தங்கைதான் சொன்னாள்.

இழுத்துக்கொண்டு வந்தார். வந்த முதல் நாளே மாப்பிள்ளை மைதானத்துக்கு மனசைப் பறிகொடுத்துவிட்டார். ரைடர்களைப் பார்த்து இல்லை, கொடிகளைப் பார்த்து. வளைவுகளில் நின்று மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி காட்டும் மார்ஷல்கள் எல்லோருமே சம்பளமில்லாமல் வருகிறவர்கள். மாப்பிள்ளை பயிற்சி எடுத்து, ஏழாம் வளைவில் மார்ஷலாக நின்றார். ஏழு வருடம் அதே வளைவு. அவர் சிரித்தால் வயர்லெஸ் கருவியே அதிரும். கடையில் வாடிக்கையாளரிடம்கூட, "ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்கணும்னா ஏழாம் வளைவுக்கு வாங்க" என்பாராம்.

நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் எழுத பாஸ்டர் உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை சிரித்தார். "யார்கிட்ட மொதல்ல சொல்லணுமா? என்ன மச்சான் இது? எனக்கு ஒண்ணுன்னா எங்க வீட்டுக்கு நீங்கதானே சொல்லப் போறீங்க. இதுக்கு எதுக்கு நோட்டு?" பாஸ்டரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

மாப்பிள்ளை கொடி பிடித்த ஏழாம் வருடத்தில் எட்டாம் நம்பர் வண்டிதான் எல்லோர் வாயிலும். ஓட்டியவனுக்கு இருபத்தேழு வயது. கூரியர் வேலை பார்த்துக்கொண்டு, சொந்த வண்டியில் ஓட்டியவன். மூன்று வருடம் பாஸ்டர் குடைக்குக் கீழே நின்றவன். நாலாவது வருடம், "ஜெபமே பண்ணிடுங்க ஐயா, குடை எனக்கு ராசியில்ல" என்றான். அந்த வருடம் ஒவ்வொரு ரேஸாக ஜெயித்துக்கொண்டு வந்தான். கடைசி ரேஸையும் ஜெயித்தால் பெரிய டீம் ஒன்று அவனை எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு.

கடைசி ரேஸுக்கு ஒன்றரை மாதம் முன்னால், பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டான். இரண்டு வாரம் ஓய்வு. டாக்டர் பரிசோதித்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். எல்லோரும் மறந்துவிட்டோம்.

ரேஸுக்கு முந்திய புதன்கிழமை சாயங்காலம் அவன் பாஸ்டர் வீட்டுக்கு வந்தான். பாஸ்டரின் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். பாஸ்டர்ங்கிற முறையில உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இடது பக்கம் திரும்பிப் பாக்கும்போது சில நேரம் எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"எவ்வளவு நேரம் அப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு செகண்ட். அப்புறம் சரியாயிடுது. டாக்டர் பாத்த அன்னைக்கு வரல, அதனால நானும் சொல்லல."

பாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இப்பவே கிளம்பு. நானும் வர்றேன், டாக்டர்கிட்ட போவோம்."

"போனா ஓட்ட விடமாட்டாங்க ஐயா. இந்த ஒரு ரேஸ். முடிஞ்சதும் திங்கக்கிழமை காலையில நானே போய் நிக்கிறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா அப்புறம் ஒரு ரைடரும் உங்ககிட்ட வாய் திறக்க மாட்டான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் கட்டிப்போட்டது. பதினாறு வருடம் அவர் சேர்த்து வைத்தது அது ஒன்றுதானே. அவரிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் அவனுக்குப் போன் பண்ணினார். கெஞ்சினார். "சரிங்க ஐயா, பாக்கலாம் ஐயா" என்றானே தவிர அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நேராக மைதானத்து டாக்டரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தலையைத் தூக்கினார்.

"என்ன பாஸ்டர், வாசல்லயே நிக்கிறீங்க? டீ சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். பாஸ்டர் வாசலில் நின்றே குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

எனக்கும் அந்த ரேஸில் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. முந்திய நாள் பயிற்சியில், எட்டாம் நம்பர் ஏழாம் வளைவு இருக்கும் பகுதியில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அரை வினாடி இழந்துகொண்டிருந்தான். மற்ற எல்லா இடத்திலும் வேகம். ஏழாம் வளைவு இடது பக்க வளைவு. எனக்கு எண்கள் தெரிந்தன, காரணம் தெரியவில்லை. டயர் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரேஸ் கிளம்பியது. எட்டாம் நம்பர் முதலிடத்தில். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது, கடைசியில் வந்துகொண்டிருந்த ஒரு வண்டி ஏழாம் வளைவில் சறுக்கி விழுந்தது. சின்ன விழுகைதான். வயர்லெஸில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "ஏழுல ஒரு ஆள் விழுந்திருக்காரு, நல்லாத்தான் இருக்காரு, எந்திரிக்கிறாரு. வண்டிய ஓரமா இழுக்கப் போறேன்." கூட இருந்தவர் மஞ்சள் கொடியை வீசிக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறை என்று அதற்கு அர்த்தம்.

எட்டாம் நம்பர் என் கோட்டைக் கடக்க வேண்டிய நேரம் ஒரு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. நாற்பத்தொன்று ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. இரண்டாவதாக வந்தவன் என்னைக் கடந்து போனான். ரேஸை நிறுத்தச் சொல்லி எல்லா வளைவிலும் சிவப்புக் கொடி ஏறியது.

பிறகு அவன் சொன்னது இதுதான். வளைவுக்குள் திரும்பினான். இரண்டு கொடி தெரிந்தது. இரண்டு வண்டி கிடந்தது. இரண்டு ஆள் குனிந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் போகலாம் என்று நினைத்தான்.

பாஸ்டர் ஆம்புலன்ஸோடு போனார். அங்கே போகும்வரை யாருக்கு அடி என்று அவருக்குத் தெரியாது. எட்டாம் நம்பர் வலது கால் நசுங்கி, பாஸ்டரைப் பார்த்து, "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபதடி தள்ளிப் புல்லில் மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். ஒரு ஷூ காலில் இல்லை. இரண்டு ஆம்புலன்ஸ். எதில் ஏறுவது என்று அவர் யோசிக்கவில்லை, மாப்பிள்ளையோடு ஏறினார். மாப்பிள்ளை பேசவில்லை, கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே அந்தக் காய்த்த விரல்கள் அவர் கைக்குள் தளர்ந்துவிட்டன. அடிபட்டவர்களின் காதருகே ஆயிரம் தடவை ஜெபித்த மனிதர் அன்று "மாப்பிள்ள, மாப்பிள்ள" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

டாக்டர் வந்து பார்த்து, இறந்துவிட்டதை உறுதி செய்ததும், அவர் ஒரு ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். நான் வரட்டுமா என்று போனில் கேட்டேன். "வேணாம். இது என் வேலை" என்றார்.

தங்கை ஹாலில் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள், ஒன்பதாம் வகுப்பு. தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆரஞ்சு கோட்டைத்தான் பார்த்திருக்கிறாள்.

"என்னண்ணா, இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சா? அவரு எங்க, வண்டிய நிறுத்துறாரா?"

"பாப்பா, கொஞ்சம் உக்காரு."

"இரு, இந்தக் கையை மட்டும் தேய்ச்சிடுறேன்."

ஒன்பது வீடுகளில் சொன்ன வார்த்தை. சொல்லியே ஆக வேண்டும் என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தை. "மாப்பிள்ள..." என்றார். "மாப்பிள்ளைக்கு..." என்றார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அப்போதுதான் அவர் கோட்டின் கைப்பகுதியில் இருந்த ரத்தத்தைக் கண்டாள்.

"உயிரோட இருக்காரா?"

"இல்ல."

இந்த ஒரு வார்த்தைதான் அவரால் முடிந்தது. தங்கை அழவில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு அண்ணன் கோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மகள், "அம்மா, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

அடக்க ஆராதனையை வேறொரு போதகர் நடத்தினார். பத்தொன்பது மார்ஷல்கள் மஞ்சள் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தங்கை முழு நேரமும் அண்ணன் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு ஆறாது. அந்தத் தோளுக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எட்டாம் நம்பருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் பாஸ்டர் அவனைப் போய்ப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ஐயா, விசாரணையில என் கண்ணைப் பத்தி நானே சொல்லிடுறேன். உங்ககிட்ட சொன்னதை மட்டும் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான். நீங்களாவது தப்பிச்சுக்கோங்க."

தப்பிக்க வழி அதுதான். இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம். ஒருவன் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். பாஸ்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "ஆசையாத்தான் இருந்துச்சு. லிஃப்ட் கீழ வந்து சேர்ற வரைக்கும் ஆசையா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை மடிப்பதை நிறுத்தவில்லை.

"புதன்கிழமையே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை காலையில டாக்டர் ரூம் வரைக்கும் போன."

"வாசல் வரைக்கும் போனேன்."

"போயி?"

"டாக்டர் டீ குடுத்தாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்."

"டீ குடிச்சிட்டு வந்த" என்றாள் தங்கை. கேள்வியாகச் சொல்லவில்லை. கையிலிருந்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

"பாப்பா..."

"அப்படிக் கூப்பிடாத. எந்திரிச்சுப் போ. இனிமே இந்த வீட்டுக்கு வராத."

மறு வாரம் ரேஸ் சங்கத்தின் விசாரணைக் குழுவில், யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று தனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னார். எட்டாம் நம்பர் வீல்சேரில் உட்கார்ந்தபடி தலையில் கைவைத்துக்கொண்டான். குழு அவனுக்கு வாழ்நாள் தடை போட்டது. கால் போனவனுக்கு அது ஒரு தண்டனையா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சபையில், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார்கள். ரைடர்களில் சிலர், நம்பிக்கையைக் காப்பாற்றியதுதான் சரி என்றார்கள். சிலர், அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு உயிர் போயிருக்காது என்றார்கள். இரண்டு பேச்சும் அவர் காதுக்கு வந்தன.

அந்த அரை வினாடிக் கணக்கை நான் அவரிடம் சொன்னேன், என் மனப்பாரம் குறையட்டும் என்று. அவர் என் தோளைத் தட்டினார். "உனக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணா?"

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஊழியம் எட்டாம் நம்பர் ஒருவன்தான். வாரம் இரண்டு தடவை போவார். செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகும்போது கூடவே நடப்பார். அவர் மனைவிக்கு அது தாங்கவில்லை. "மாப்பிள்ளை சாவுக்குக் காரணமானவன் வீட்டுக்குப் போறீங்க. தங்கச்சி வீட்டு வாசல மிதிக்கல. ஊர் என்ன பேசும்?"

"இவன் வேணாம்னு சொல்லல. அவ வராதன்னு சொல்லிட்டா. நான் எங்க போகட்டும்?"

தங்கையின் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் மனைவி மூலமாகச் செய்தார். காயில் கடையை நடத்த ஆள் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். தங்கைக்கு அது ரொம்ப நாள் தெரியாது.

பத்து மாதம் கழித்துத் தங்கையின் மகள் மாமாவுக்குப் போன் பண்ணினாள். "மாமா, அம்மா அந்த அண்ணனைப் பாக்கணும்னு சொல்றாங்க. வண்டி ஓட்டினவரை."

பாஸ்டர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். கேட் வரை கைத்தாங்கலாக விட்டுவிட்டு, எதிர்ப் பக்கம், பூட்டியிருந்த ஒரு தையல் கடைப் படியில் போய் நின்றார். கதவு திறந்தது, எட்டாம் நம்பர் உள்ளே போனான். முக்கால் மணி நேரம். நடுவில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் அவனுடையது, பிறகு அவளுடையது. இருவரையும் தேற்றத் தெரிந்த மனிதர் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அவன் வெளியே வந்தபோது தங்கை கேட் வரை வந்தாள். படி இறங்க அவனுக்குக் கை கொடுத்தாள். "பாத்துப் போப்பா" என்றாள். பிறகு தலையைத் தூக்கி எதிரே பார்த்தாள். அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் அப்படி என்று எனக்குப் புரியாமல்தான் இருந்தது. மறுவருடம் அவள் ஒருநாள் மைதானத்துக்கு வந்தாள், ரேஸ் இல்லாத நாள். ஏழாம் வளைவைப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் கூட்டிப்போனேன். மார்ஷல் நிற்கும் சிமெண்ட் மேடையில் ஏறி நின்று, "இங்க நிழலே இல்லையே" என்றாள். அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் துணிந்து கேட்டேன்.

"அவனையே மன்னிச்சிட்டீங்களேம்மா. உங்கண்ணன்..."

"அவன் யாரோ, அண்ணே. அவனுக்கு எங்க வீட்டுக்காரர் யாருன்னே தெரியாது. அவன் ஜெயிக்கணும்னு நெனச்சான், விழுந்தான். எங்கண்ணனுக்குத் தெரியும்ல, ஏழாம் வளைவுல யாரு நிக்கிறாருன்னு?" கொடி நடும் துளையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் ஆசையா, அண்ணன் கூடப் பேசாம இருக்க? எனக்கு அப்பா மாதிரி அவன். அதான் முடியல."

நாலு வருடம் ஓடிவிட்டது. மைதானத்தில் இப்போது வேறொரு போதகர் இருக்கிறார், ஒரு நர்ஸம்மா. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு ரேஸ் அன்று காலையிலும் கண் பரிசோதனை உண்டு. சங்கம் போன வருடம் பிரேக் பாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டது. அவர் வர மறுத்துவிட்டார். எட்டாம் நம்பர் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவரோடு கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறான்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"உனக்கு ஒரு சேதி. தங்கச்சி கூப்பிட்டிருந்தா. மருமகளை காலேஜ்ல சேக்குறதுக்கு ஒரு ஃபார்ம். அப்பா இல்லாதவங்களுக்கு உறவுக்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணுமாம்."

"பேசினாங்களா?"

"பேசினாளே. 'உக்காரு'ன்னா. 'இங்க போடு'ன்னு காமிச்சா. அப்புறம் கிளம்பும்போது, 'இதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத'ன்னா." அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "மூணு தடவை பேசினா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நினைக்கலம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

அவர் பஸ் வந்தது. கூட்டம் இல்லை, ஜன்னலோர இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவர் எழுந்திருக்கவில்லை. "உக்காருன்னு சொன்னாப்பா" என்றார் மறுபடியும், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பஸ் நின்று, காத்திருந்து, போய்விட்டது. நான் அவரோடு அடுத்த பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.